பின்சக்கரம் தள்ளிய காலம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்திருந்தான். மகள் வயிற்றுப் பேரன். ஓரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே மெதுவாக ஆரம்பித்தான்.

"தாத்தா, ரெண்டு லட்சத்துக்குள்ள பழைய கார் ஒண்ணு பாக்கறேன். பின் சக்கரம் ஓடற கார்."

"பின் சக்கரம் ஓடாத கார் உண்டாடா?"

"ஐயோ, அது இல்ல. எஞ்சின் பவர் பின் வீலுக்குப் போற வண்டி. டிரிஃப்ட் கத்துக்கணும்."

கைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். ஒரு கார் வளைவில் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறது. பின் டயரில் புகை. ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடித்திருக்கிறார், ஆனால் வண்டி வளைவை விட்டு விலகவில்லை. எங்கள் காலத்தில் இதற்குப் பெயர் "வால் வீசுது". அப்படி வீசினால் டயரை மாற்று, இல்லை டிரைவரை மாற்று என்பார்கள்.

அவன் சரியான ஆளிடம்தான் கேட்டான். 1971 முதல் ஓய்வு பெறும் வரை நான் பார்த்த வேலையே பின் அச்சுக்குக் கிரவுன் வீல், பினியன் வெட்டுவதுதான். ஒரு கிரவுனும் ஒரு பினியனும் ஜோடியாக அரைத்து, ஒரே நம்பர் போட்டு, கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்புவோம். ஜோடி மாறினால் வண்டி ஊளையிடும். கல்யாணம் மாதிரிதான் என்று எங்கள் ஃபோர்மேன் சொல்வார்.

அன்றைக்கு நம் ஊரில் எது ஓடினாலும் பின்சக்கரம் தள்ளித்தான் ஓடியது. உத்தர்பாராவிலிருந்து அம்பாசடர், பம்பாய் குர்லாவிலிருந்து ஃபியட் (பிறகு அதுவே பிரீமியர் பத்மினி), நம் பெருங்களத்தூரிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கார் என்றால் இந்த மூன்றுதான். முன்னால் எஞ்சின், நடுவில் நீளமாகப் புரொபெல்லர் ஷாஃப்ட், பின்னால் எங்கள் கிரவுன். பின் ஸீட்டில் நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடம் இல்லாமல் தரையில் ஒரு மேடு இருக்குமே, அதற்கடியில்தான் அந்த ஷாஃப்ட் சுற்றும்.

இந்த மூன்றும் பந்தயமும் ஓடின. செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம் இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. நாங்கள் நாலு பேர் தூக்குச் சட்டியில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவோம். நேர் ஓட்டத்தில் வேகமாக வருகிற ஃபியட், திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கித் திரும்பும். கூட்டம் கத்தும். அது டிரிஃப்ட் என்று யாருக்கும் தெரியாது. ஜப்பானில் குனிமிட்சு தகாஹாஷி என்பவர் அதே எழுபதுகளில் இதைத் தெரிந்தே செய்துகொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உலகப் பெயர் வாங்கிவிட்டுக் காருக்கு வந்தவர். அவரைப் பார்த்து மலைப்பாதைகளில் பழகிய கெய்ச்சி சுச்சியா, 1987-ல் ஒரு வீடியோ எடுத்து வெளியிட, அது வித்தையாகப் பரவியது.

சுச்சியா பழகிய கார் டொயோட்டா ஏ.இ.86. இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. 1983-ல் டொயோட்டா தன் கொரோலா கார்களை முன்சக்கர இழுவைக்கு மாற்றியது. ஒரே ஒரு வகையை மட்டும் பழைய பின்சக்கர அமைப்பிலேயே விட்டுவைத்தது. அதுதான் ஏ.இ.86. 1600 சி.சி., எடை குறைவு, விலையும் குறைவு, பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். அதே 1983 டிசம்பரில்தான் இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்தார். அது முன்சக்கரம் இழுக்கிற கார். அங்கே பழைய அமைப்பு போகிற போக்கில் ஒரு வித்தையை விட்டுவிட்டுப் போனது. இங்கே சத்தமில்லாமல் போயிற்று.

எங்கள் ஷாப்பில் அந்த மாருதியை ஒருநாள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குனிந்து பார்த்தோம். பின்னால் ஒன்றுமே இல்லை! எஞ்சினைக் குறுக்காகப் படுக்கவைத்து, கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் முன்னாலேயே அடைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1959-லேயே அலெக் இஸ்ஸிகோனிஸ் மினி காரில் செய்து காட்டிய வழி. ஷாஃப்ட் மிச்சம், எடை மிச்சம், தரை சமம், உள்ளே இடம் அதிகம், செலவு குறைவு. ஃபோர்மேன் நிமிர்ந்து, "நமக்கு இதுல சோறு இல்லப்பா" என்றார். காருக்கான ஆர்டர் வருடா வருடம் இளைத்தது. லாரியும் ஜீப்பும் எங்களைக் காப்பாற்றின.

ஸ்ரீபெரும்புதூருக்குத் தொழிற்சாலைகள் வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். அதுவரை இந்த ஊர் ராமானுஜர் அவதரித்த தலம், 1991-க்குப் பிறகு ராஜீவ் காந்தி இறந்த இடம். இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் முதலில் வந்தது பந்தயத் தளம். சோழவரத்துக் கிளப்தான் இங்கே சொந்தமாகப் போட்டது. பக்கத்தில் ஹூண்டாய் வந்து, 1998-ல் சான்ட்ரோ வெளியானது. முன்சக்கரம். மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான், முன்சக்கரம். 2010-ல் ஓரகடத்தில் ரெனோ–நிசான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகம் முழுக்க டிரிஃப்ட் பழகுகிறவர்கள் தேடித் தேடி வாங்கும் கார் நிசான் சில்வியா. அந்த நிசான் நம் வாசலுக்கு வந்து செய்ததோ மைக்ரா, பிறகு டாட்சன் கோ. இரண்டும் முன்சக்கரம்.

ஓரகடத்தில் பின்சக்கரத்தால் ஓடும் சரக்கு இல்லாமல் இல்லை. பாரத்பென்ஸ் லாரியும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டும்! பேரனிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

முன்சக்கர வண்டியில் என்ன குறை என்று கேட்பீர்கள். இழுப்பதும் திருப்புவதும் அதே இரண்டு சக்கரம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மூக்கு வெளியே போகும், வால் சும்மா கூட வரும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் ஒரு கணம் வழுக்கும், அதோடு சரி. பின்சக்கரம் தள்ளினால்தான் வழுக்கலை மிதியிலேயே கூட்டிக் குறைத்து நிறுத்தி வைக்க முடியும்.

பட்டியல் போட்டோம். மாருதி ஆம்னி: பின்சக்கரம்தான், மலிவும்கூட. ஆனால் உயரம், ஒடுக்கம். வழுக்குவதற்கு முன்னால் கவிழும். ஜிப்ஸிக்கும் உயரம்தான் வில்லன். டாடா நானோவில் 624 சி.சி. எஞ்சினே பின்னால் இருக்கிறது, இருந்தும் அது சாது. மகேந்திரா சிட்டியில் 2007 முதல் பூட்டிய பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் பழையது கிடைக்கிறது. ஓட்டத்துக்கு அதைவிட நல்லது வேறில்லை. வாங்குகிற விலை மலிவு, ஒரு முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வந்தால் அவன் இரண்டு மாதச் சம்பளம் காலி. பத்மினிக்கு 1089 சி.சி., ஸ்டீயரிங் பக்கத்தில் கியர், முன்னால் நீள பெஞ்ச் ஸீட். வளைவில் கார் வழுக்குவதற்கு முன் ஓட்டுபவர் வழுக்கிப் பக்கத்து ஆள் மடியில் உட்காருவார்.

கடைசியில் நின்றது கான்டெஸா. இங்கிலாந்து வாக்ஸால் விக்டரின் உடம்பு, 1984-ல் வந்தது. பிறகு 1800 சி.சி. இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் பூட்டினார்கள். கியர் தரையில், தனித்தனி ஸீட், நீளமான வண்டி. நீளமான வண்டி மெதுவாகத்தான் வால் வீசும், கற்றுக்கொள்பவனுக்கு யோசிக்க நேரம் தரும். பவர் போதுமா என்றான். தண்ணீர் ஊற்றிய தரையில் பழகினால் எந்த பவரும் போதும் என்றேன்.

"டிஃபரன்ஷியலை வெல்டு வெச்சுடலாம் தாத்தா. ரெண்டு வீலும் சேர்ந்து சுத்தும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சொன்னதில் தவறில்லை. சாதாரண டிஃபரன்ஷியலில், வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசானதும் பவர் முழுக்க அதற்கே போய் வீணாகச் சுற்றும். பல்லைப் பற்றவைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், பிறகு ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேயும், அச்சு முறுக்கும். முப்பது வருடத்துக்கு மேல் பல் வெட்டியவனிடம் வந்து அதைப் பற்றவைக்கக் கேட்கிறான்!

"எங்கடா ஓட்டுவே?" என்றேன்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்தபின் ஓரகடம் ஆறுவழிச் சாலை காலியாக இருக்கும் என்றான். நண்பர்கள் போகிறார்களாம்.

அப்போதுதான், வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன். 1976, ஐப்பசி மழை. நண்பனுடைய அண்ணன் ஹெரால்டைக் கடன் வாங்கிக்கொண்டு காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு ஏரிக்கரை வளைவு. வேகம் அதிகம் என்று பயந்து, வளைவின் நடுவில் சட்டென்று மிதியிலிருந்து காலை எடுத்தேன். எடுத்ததும் எடை முன்னால் சாய்ந்தது, வால் லேசாயிற்று. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு. வால் தூக்கினால் சக்கரம் உள்பக்கம் மடங்கும், பிடிமானம் போய்விடும். வண்டி முழு வட்டம் அடித்தது. கண்ணாடியில் ஏரி, புளியமரம், ஒரு சைக்கிள், மறுபடி ஏரி. நின்றபோது சைக்கிள்காரர் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். கேரியரில் ஒரு சின்னப் பெண், தலையில் உரச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு. அவர் திட்டவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். நான் அரைமணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணுக்கு இப்ப அம்பது வயசு மேல இருக்கும் இல்ல தாத்தா?" என்றான். இருக்கும் என்றேன்.

ஒப்பந்தம் செய்துகொண்டோம். ரோட்டில் கிடையாது. காசு கட்டி, மூடிய தளத்தில், ஹெல்மெட்டோடு. அதுவரை சாவி என்னிடம். வெல்டு விஷயம் பிறகு.

போன சனிக்கிழமை வாலாஜாபாத் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட்டில் கான்டெஸா ஒன்று பார்த்தோம். கதவுக்கடியில் துரு, ஸீட் கிழிசல். அவன் பெயின்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில், முழங்கால் வலியோடு நான் அடியில் போனேன். புரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் இரண்டு பக்கமும் ஆட்டினேன். ஆட்டம் அதிகம், ஹவுசிங் சீலில் எண்ணெய்க் கசிவு. விலையில் இருபதாயிரம் குறைக்க அது போதும். கிரவுன் பினியன் செட் ஒன்று வேண்டும். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் பரணில் இருக்கக்கூடும். நாளைக்கு போன் செய்ய வேண்டும். ஜோடி நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.