தாயின் உயிரே முந்தியது: கருக்கலைப்புத் தடைச் சட்டங்களும் யூதச் சமய மரபும்

2022-ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில் அளித்த தீர்ப்பு, கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக ஏற்ற 1973-இன் ரோ எதிர் வேட் தீர்ப்பைச் செல்லாததாக்கி, கருக்கலைப்பை அனுமதிப்பதா தடுப்பதா என்னும் முடிவை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டது. அதையொட்டி எழுந்த விவாதங்களில் கருவின் பக்கம் சமயமும், பெண்ணின் பக்கம் சமயம் சாராத தனிமனித உரிமையும் நிற்பதாகவே பெரும்பாலும் பேசப்பட்டது. வரலாறு இந்தப் பிரிவினைக்கு இடம் தரவில்லை. யூதச் சமய மரபில் கருக்கலைப்பு சில நிலைகளில் செய்தே ஆகவேண்டிய கடமையாக விதிக்கப்பட்டுள்ளது. அவ்வாறிருக்க, கரு உருவான கணம் முதலே அதை முழு மனிதராகக் கொள்ளும் ஒரு சட்டம், ஒரு சமயத்தாரின் இறையியலை மற்றொரு சமயத்தாரின் உடல்மீது சுமத்துகிறது என்பதே இங்கு நிறுவ முற்படும் வாதம்.

யூதர்களின் சமயச் சட்ட மரபு ஹலகா எனப்படும். வேதநூலான தோராவின் கட்டளைகள், அவற்றை விளக்கிய ரபிகள் என்னும் சமய அறிஞர்களின் விவாதங்கள், பிற்காலத்தில் தனித்தனி வழக்குகளுக்கு அவர்கள் எழுதிய மறுமொழிகள் ஆகிய மூன்றும் அடுக்கடுக்காகச் சேர்ந்ததே அது. கருவைப் பற்றிய விவாதத்தின் வேர், தமிழ் விவிலிய வாசகர் யாத்திராகமம் என்று அறிந்த நூலின் 21-ஆம் அதிகாரத்தில் உள்ளது. இருவர் சண்டையிடுகையில் கர்ப்பிணி ஒருத்தி அடிபட்டுக் கரு சிதைந்தால், அடித்தவன் அபராதம் செலுத்தவேண்டும். அப்பெண்ணுக்கே உயிர்க்கேடு நேர்ந்தால் உயிருக்கு உயிர் ஈடாகும். கருவின் இழப்புக்குப் பொருளும் தாயின் இழப்புக்கு உயிரும் ஈடாக வைக்கப்பட்டதிலிருந்து, இவ்விரண்டும் சட்டத்தின் முன் ஒரே நிலையில் இல்லை என்று ரபிகள் முடிவுகட்டினர். கிறித்தவ உரையாசிரியர் சிலர் இப்பகுதியைக் குறைப்பிரசவம் பற்றியதாகப் படிப்பதுண்டு. ஆயினும் யூத உரைமரபு கருச்சிதைவு என்ற பொருளில் உறுதியாக நிற்கிறது.

ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, இம்முடிவை மேலும் கூர்மையாக்குகிறது. பிரசவம் கடினமாகித் தாயின் உயிருக்கு ஆபத்து வருமானால், கருவை உள்ளேயே துண்டித்து வெளியே எடுக்கவேண்டும், ஏனெனில் தாயின் உயிர் முந்தியது என்று ஒகலோத் என்னும் பகுதியின் ஏழாம் அதிகாரம் விதிக்கிறது. குழந்தையின் பெரும்பகுதி வெளிவந்துவிட்டால் அதைத் தொடலாகாது. அப்போது அங்கிருப்பவை இரண்டு உயிர்கள், ஒன்றுக்காக மற்றொன்றைப் பலியிட முடியாது. வாசிக்கவே கடினமான இந்த விதி, பாதுகாப்பான அறுவை மருத்துவம் இல்லாத ஒரு காலத்தின் பிரசவ அறையிலிருந்து எழுந்தது. இதன் வாக்கிய அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது: இவ்வாறு செய்யலாம் என்ற அனுமதியாக அது அமையவில்லை, செய்யவேண்டும் என்ற ஏவலாகவே அமைந்துள்ளது.

இந்த ஏவலுக்குக் காரணம் கூறுகையில் இருபெரும் உரையாசிரியர்கள் பிரிகின்றனர். 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி, உலகில் வெளிப்படாத வரை கரு ஒரு முழு உயிராள் அன்று என்றார். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் விளங்கிய மைமோனிடிஸோ, தாயைக் கொல்லத் துரத்தி வருபவனின் இடத்தில் கரு அப்போது நிற்பதால் அதைத் தடுத்தே ஆகவேண்டும் என்றார். ராஷியின் காரணத்தை ஏற்பவர், உயிராபத்துக்குக் குறைந்த துன்பங்களுக்கும் இடம் காண முடியும். மைமோனிடிஸைப் பின்பற்றுபவர், கரு உண்மையிலேயே தாயைத் துரத்தும் நிலையன்றி வேறெதற்கும் எளிதில் இணங்கார். 18-ஆம் நூற்றாண்டின் ஜேக்கப் எம்டன், உயிராபத்து இல்லாவிடினும் தாயின் கடுந்துன்பத்தைப் போதிய காரணமாகக் கொள்ள இடம் கண்டார். 1970-களில் எருசலேமின் எலியேசர் வால்டன்பர்க், டே-சாக்ஸ் என்னும் உயிர்கொல்லிப் பரம்பரை நோய் கருவில் கண்டறியப்பட்டால் ஏழாம் மாதம் வரையிலும் கருக்கலைப்பை அனுமதித்தார்; அமெரிக்காவின் மோஷே ஃபைன்ஸ்டைன் அதை வன்மையாக மறுத்து, கருக்கலைப்பைக் கொலைக்கு நிகராகவே கண்டார்.

ஆகவே யூத மரபு கருக்கலைப்பு உரிமையை அப்படியே வழிமொழிகிறது என்று கூறுவது மிகை. வைதிக யூத அமைப்புகள் பலவும் தேவைக்கேற்பக் கருக்கலைப்பு என்ற கொள்கையை ஏற்பதில்லை. அவற்றுள் ஒன்றான அகுதாத் இஸ்ரவேல் டாப்ஸ் தீர்ப்பை வரவேற்கவும் செய்தது. எனினும் ஃபைன்ஸ்டைனும்கூடத் தாயின் உயிர் முந்தியது என்பதை மறுக்கவில்லை. கருத்து வேறுபாடு எத்தனை காரணங்கள் போதுமானவை என்பதைப் பற்றியதே. ஒரு காரணமும் போதாது என்று எவரும் கூறியதில்லை. ஒவ்வொரு வழக்கும் தனித்தனியே ஆராயப்படவேண்டியது என்ற புரிதலே இந்த விவாத மரபின் அடிப்படை. எல்லா வழக்குகளுக்கும் முன்கூட்டியே ஒரு வாரக் கணக்கைக் குறித்துவிடும் சட்டம், ஃபைன்ஸ்டைன் போன்ற கண்டிப்பான ரபியின் கையிலிருந்தும் தீர்ப்பைப் பறித்துவிடுகிறது.

தீர்ப்பளிக்கும் தகுதி யாருக்கு என்பதிலும் இம்மரபுக்கு ஒரு நிலைப்பாடு உண்டு; அதுவே இவ்வாதத்தின் மிக வலுவான பகுதி, ஆயினும் தடைச் சட்டங்களை எதிர்த்து வழக்காடுவோர் இதைக் குறைவாகவே கையாள்கின்றனர். யோம் கிப்பூர் என்பது யூதர் முழுநாள் உண்ணாநோன்பு இருக்கும் பாவ நிவிர்த்தி நாள். அந்நாளில் கர்ப்பிணி ஒருத்தி உணவின் மணத்தை நுகர்ந்து அதன்மேல் அடங்காத வேட்கை கொண்டால், அவள் நிலை தேறும் வரை உணவு கொடுக்கவேண்டும் என்று மிஷ்னாவின் யோமா பகுதி விதிக்கிறது. மசக்கைக்காரியின் ஆசையைத் தள்ளக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது அங்கே ஆண்டின் மிகப் புனிதமான நோன்பையே விலக்கும் அளவுக்குச் சட்டமாகிவிட்டது. இப்பகுதியை விரித்துரைக்கும் தல்மூத், நோயாளி தனக்கு உணவு தேவை என்று கூறினால், தேவையில்லை என்று நூறு பேர் கூறினாலும் நோயாளியின் சொல்லையே கேட்கவேண்டும் என்கிறது. தன் உடலின் துன்பத்தை அறிந்தவர் கூறும் சாட்சியம், வெளியே நிற்கும் வல்லுநரின் சாட்சியத்தை விஞ்சுகிறது. தடைச் சட்டங்கள் இதை நேர்மாறாகத் திருப்பி வைக்கின்றன: பெண்ணின் சொல்லுக்கு எடையே இல்லை, மருத்துவரின் முடிவும்கூடப் பின்னாளில் அரசு வழக்கறிஞரின் ஆய்வுக்கு உட்பட்டது.

கிறித்தவ மரபும் எக்காலத்தும் ஒரே குரலில் பேசியதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் கருக்கலைப்பைப் பாவம் என்றே கருதியபோதும், கருவுக்குள் மனித ஆன்மா தொடக்கத்திலேயே புகுவதில்லை என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை ஏற்றிருந்தார். கரு உருப்பெற்றதா இல்லையா என்ற வேறுபாடு கத்தோலிக்கத் திருச்சபைத் தண்டனைச் சட்டத்திலிருந்து 1869-இல்தான் நீக்கப்பட்டது. அமெரிக்காவின் மிகப்பெரிய புராட்டஸ்டண்டு அமைப்பான தெற்கு பாப்திஸ்து மாநாடு, 1971-இல், வன்புணர்வு, கருவின் கடும் குறைபாடு, தாயின் உடல்நலம், மனநலம் ஆகிய காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்காகப் பாடுபடும்படி தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1967 மே மாதத்தில், நியூயார்க்கின் ஜட்சன் நினைவு ஆலயத்துப் போதகர் ஹோவர்டு மூடி தலைமையில் போதகர்களும் ரபிகளுமாக 21 பேர், பாதுகாப்பான மருத்துவரை நாடும் பெண்களுக்கு வழிகாட்டப்போவதாகப் பகிரங்கமாக அறிவித்தனர். அந்நாளைய நியூயார்க் சட்டமோ தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதித்தது. அவர்கள் சட்டத்தை மீறியது சமயத்தை உதறியதால் அன்று, சமயக் கடமை என்று நம்பியதால்தான்.

இவ்வரலாற்றை நீதிமன்றத்தில் வாதமாக்குவது எளிதாக இருக்கவில்லை. ஏழைப் பெண்களின் கருக்கலைப்புக்கு மத்திய அரசின் நிதியை மறுத்த ஹைடு திருத்தத்தை எதிர்த்த ஹாரிஸ் எதிர் மெக்ரே வழக்கில், 1980-இல் உச்ச நீதிமன்றம், ஒரு சட்டம் ஒரு சமயத்தின் போதனையோடு ஒத்திருப்பதாலேயே அது அரசின் சமயச் சார்பு ஆகிவிடாது என்றது. திருட்டைத் தடுக்கும் சட்டமும் சமயப் போதனைகளோடு ஒத்திருப்பதுதானே என்பது அதன் தருக்கம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதே தீர்ப்பு மற்றொரு வாயிலை மூடாமல் விட்டது. சமயச் சுதந்திரத்தின் பேரில் வாதாட முன்வந்த பெண்களுள் எவரும், தமது சமய நம்பிக்கையின் கட்டாயத்தால் கருக்கலைப்பை நாடியதாகக் கூறவில்லை, எனவே அவ்வாதத்தை எழுப்பும் தகுதி அவர்களுக்கு இல்லை என்று நீதிமன்றம் கூறியது. அவ்வாறு கூறும் ஒருத்தி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் எழுப்பப்படாமலே கிடந்தது.

இண்டியானா மாநிலத்தில் அது எழுப்பப்பட்டது. 2022 ஆகஸ்டில் அம்மாநிலம் இயற்றிய சட்டம், தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து, 10 வாரம் வரை வன்புணர்வு, 20 வாரம் வரை பிழைக்கவியலாத கருக்குறைபாடு ஆகியவை நீங்கலாகக் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. பெயர் வெளியிடாத சில பெண்களும் கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் ஒரு யூத அமைப்பும் அதே ஆண்டு செப்டம்பரில் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கையில் எடுத்தது மாநிலத்தின் 2015-ஆம் ஆண்டு மத சுதந்திர மீட்புச் சட்டம். ஒருவரது சமயக் கடைப்பிடிப்புக்கு அரசு கணிசமான சுமை ஏற்றுவதாயின், தவிர்க்கவொண்ணாத பொதுநலன் ஒன்றைக் காட்டவேண்டும், அதை எய்த இதைவிடக் குறைந்த கட்டுப்பாடு இல்லை என்றும் நிறுவவேண்டும் என்பது அச்சட்டத்தின் அளவுகோல். பழமைவாத ஆளுநர் மைக் பென்ஸ் கையெழுத்திட்ட அச்சட்டம் இவ்வாறு பயன்படும் என்று அதை ஆதரித்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2022 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் இப்பெண்களுக்கு ஆதரவாக இடைக்காலத் தடை விதித்தது. 2024 ஏப்ரலில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. சட்டமே வன்புணர்வுக்கும் கருக்குறைபாட்டுக்கும் விலக்களித்து, செயற்கைக் கருத்தரிப்பில் உருவாகும் கருக்களை வரம்புக்கு வெளியே விட்டிருக்க, சமயக் கடமைக்கு மட்டும் விலக்கு மறுப்பதற்குத் தவிர்க்கவொண்ணாத பொதுநலன் எங்கே என்பதே தீர்ப்பின் மையம்.

இந்தத் தருக்கத்தின்மேல் இரண்டு மறுப்புகள் எழுகின்றன. சமயத்தின் பெயரால் கொலைக்கும் விலக்குக் கேட்கலாமா என்பது முதலாவது. கரு முழு மனிதர் என்று முன்னரே கொண்டால்தான் இக்கேள்விக்குப் பொருள் உண்டு. தீர்க்கப்படவேண்டிய கேள்வியே அதுவாக இருக்க, விடையைக் கேள்விக்குள் வைத்துப் பேசுவதாகிறது இது. இரண்டாவது மறுப்பு கனமானது: விலக்கு என்பது நம்பிக்கையாளருக்கு மட்டும் திறக்கும் கதவு, நம்பிக்கையற்ற பெண்ணுக்கும், ஏழ்மையால் வழக்குத் தொடுக்க இயலாத பெண்ணுக்கும் அது மூடியே இருக்கும். இதற்கு விலக்கு வழக்குகளுக்குள் விடை இல்லை. உயிர் எப்போது தொடங்குகிறது என்பதில் சமயங்களே ஒன்றோடொன்று முரண்படும்போது, அவற்றுள் ஒன்றின் விடையைச் சட்டமாக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்னும் பரந்த வாதமே அதற்கு விடை. மிசூரி மாநிலத்துச் சட்ட முகவுரையில் கரு உருவான கணமே உயிரின் தொடக்கம் என்று எழுதப்பட்டிருந்ததைப் பற்றி, 1989-இல் வெப்ஸ்டர் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் தனித்து எழுதியது இதுவே: சமயம் சாராத நோக்கம் எதுவும் இல்லாத அவ்வாசகம் அரசியலமைப்புக்கு முரணானது. 2019-இல் அம்மாநிலம் கடவுளையே உயிரின் ஆக்கியோனாகச் சட்டத்தில் பெயர்சொல்லிக் குறித்தது. அச்சட்டத்தை எதிர்த்துப் பல சமயப் பிரிவுகளைச் சேர்ந்த குருமார் 2023 ஜனவரியில் தொடுத்த வழக்கு, 2024 ஜூனில் தள்ளுபடியானது. அதே ஆண்டு நவம்பரில் மிசூரி வாக்காளர்கள், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தனர்.