கழுகின் பெயர் கொண்ட வலி

போன நேரலையில் ஒருவர் கேட்டார்: "ஆயுர்வேதத்தில் நரம்புவலிக்கு என்ன மருந்து?" நான் வைத்தியன் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியிலிருக்கும் 'நரம்பு' என்ற சொல் என்னை விடவில்லை.

சரக சம்ஹிதையில் சிகிச்சைப் பகுதியின் 28ஆம் அத்தியாயம் வாத நோய்களைப் பேசுகிறது. அதில் கிருத்ரசி என்றொரு வலி. பிட்டத்தில் தொடங்கி இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் என வரிசையாக இறங்கும். விறைக்கும், குத்தும், துடிக்கும். இன்றைய சியாட்டிகாவேதான் என்று தோன்றும். கிருத்ரம் என்றால் கழுகு. வலிக்கிற காலோடு நடப்பவரின் நடையைப் பார்த்து வந்த பெயர் என்பார்கள்.

ஆனால் அங்கே நரம்பு இல்லை, வாதம்தான் காரணம். எண்ணெய், ஒற்றடம், வஸ்தி. தேவையானால் குருதி வாங்குவது, சூடு போடுவது. சுஸ்ருதர் முழங்காலுக்கு நான்கு விரற்கடை மேலோ கீழோ நாளத்தைக் கீறச் சொல்கிறார்.

குழப்பம் பின்னால் வந்தது. சுஸ்ருதர் உடலில் 900 ஸ்நாயுக்கள் என்கிறார். படகின் பலகைகளைக் கட்டும் கயிறுகளோடு அவற்றை ஒப்பிடுகிறார். அதாவது தசைநார், தசைநாண் போன்றவை. ஆங்கில மருத்துவம் வந்தபின் வங்காளியிலும் இந்தியிலும் 'நெர்வ்' என்பதற்கு அதே ஸ்நாயு வழக்கானது. இன்று அந்தப் பொருளோடு பழைய நூலைத் திறப்பவருக்கு 900 நெர்வுகள் கிடைத்துவிடுகின்றன! 'அன்றே அறிந்தார் நம் முன்னோர்' என்று மேடையேறவும் செய்கிறார். கணநாத சென் 1913இல் 'பிரத்யட்ச சாரீரம்' எழுதியபோது இந்தச் சொற்சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார்.

ஐரோப்பாவும் வெகுகாலம் இந்த வலியை இடுப்பு மூட்டோடுதான் சேர்த்துப் பார்த்தது. நேப்பிள்ஸில் கொதுன்னோ 1764இல்தான் நரம்பால் வருவதைத் தனியே பிரித்தார். முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை மிக்ஸ்டரும் பாரும் நிறுவியது 1934இல். நரம்பை அறியாமலே வலியின் பாதையை விரல் வைத்துத் தொடர்ந்த சரகரின் கண்ணைத்தான் நான் வியக்கிறேன். இல்லாத உடற்கூறை அவர் தலையில் ஏற்றினால் அந்தக் கண் மறைந்துபோகிறது.

தமிழும் தப்பவில்லை. யாழின் தந்தியும் நரம்பு, கையில் புடைக்கும் நாளமும் நரம்பு. 'நரம்பு ஊசி' நாளத்தில்தானே போடுகிறார்கள்? இங்கே பெற்றோருக்கு மொழிபெயர்க்க மருத்துவமனைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். அம்மா "நரம்பு இழுக்குது" என்றதும் 'நெர்வ்' என்று மருத்துவரிடம் சொல்லிவிடாதீர்கள். எங்கே தொடங்குகிறது, எதுவரை இறங்குகிறது, கால் மரத்துப்போகிறதா என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள்.