"தண்ணி வேணுமா கண்ணா?": எதிரொலிப் பேச்சின் கதை

போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்கு அஞ்சு வயசு, ஆட்டிசம் இருக்கு. நான் லேப்டாப்போட உட்கார்ந்திருந்தப்போ பக்கத்துல வந்து, "தண்ணி வேணுமா கண்ணா?"ன்னு கேட்டான். "வேணாம்டா தங்கம்"னேன். மறுபடி கேட்டான். மூணாவது தடவை கேட்டுட்டு அழ ஆரம்பிச்சுட்டான். அடுப்படியிலிருந்து அக்கா ஓடி வந்தா. "டேய், அவனுக்குத்தான்டா தண்ணி வேணும்!"

யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவை தண்ணி கிடைக்கும்போதும் அவன் காதுல விழுற வாக்கியம் அதுதான். அதனால தண்ணி வேணும்னா அதையே சொல்றான். ஆனா அவன் முன்னாடி படிச்ச பள்ளியில், "சொன்னதையே திரும்பச் சொல்கிறான், வீட்டில் கண்டிக்கவும்"னு டைரியில் எழுதி அனுப்பியிருந்தாங்க. அந்த ஒரு வரிதான் என்னை இந்த வரலாற்றுக்குள்ள தள்ளுச்சு.

1943. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ். மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிய நவீனப் பேச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குது. அதில் 8 பேர் பேசினாங்க, 3 பேர் பேசவில்லை. பேசினவங்க கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னாங்க, தங்களையே "நீ"ன்னு சொல்லிக்கிட்டாங்க. கானர் இன்னொன்றையும் கவனிச்சார். இந்தக் குழந்தைகள் "ஆமா"ன்னு சொல்றதுக்குப் பதிலா, கேள்வியையே திரும்பச் சொல்றாங்க. அதாவது, எதிரொலிக்குள்ள ஒரு பதில் இருக்குன்னு 1943-லேயே பதிவாகியிருக்கு.

ஆனா வகுப்பறை அந்தப் பக்கம் போகலை.

1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் உளவியலாளர் ஐவர் லோவாஸ் வந்தார். பேசாத குழந்தைக்குப் பேச்சைப் படிப்படியா சொல்லித்தர முடியும்னு காட்டினார். 1966-ல் சயன்ஸ் இதழில் வந்த அவரது ஆய்வில், குழந்தை ஏதாவது சத்தம் எழுப்பினாலே ஒரு வாய் சாப்பாடு. அடுத்து, பெரியவர் பேசின உடனே சத்தம் போட்டாத்தான். அதற்கப்புறம், அதே மாதிரி ஒலிச்சாத்தான். இது பெரிய முன்னேற்றம், மறுக்க முடியாது. ஆனா அந்தக் கால முறையில் அடியும் அதட்டலும் இருந்துச்சு. 1965-ல் லைஃப் பத்திரிகை அதைப் படங்களோட வெளியிட்டது. அந்த வழியில் வந்த பலருக்கு எதிரொலி என்பது ஒழிக்க வேண்டிய பழக்கம், அவ்வளவுதான்.

எங்க வேலையில் எரர் லாகை ஆஃப் பண்ணிட்டா ஸ்க்ரீன் சுத்தமாயிடும், பிரச்சினை அப்படியே இருக்கும். இங்கேயும் அதுதான் நடந்துச்சு.

லாகைத் திறந்து படிச்சவங்க பாரி ப்ரிசான்ட், ஜூடித் டூகன். 1981-ல் ஆட்டிசம் உள்ள 4 குழந்தைகளை வீடியோ எடுத்து, ஒவ்வொரு எதிரொலியையும் ஆராய்ஞ்சாங்க. வார்த்தையை மட்டும் பார்க்காம, குழந்தை எங்கே பார்க்குது, கை எங்கே போகுதுன்னும் பார்த்தாங்க. 7 வகையா பிரிஞ்சது. சிலது "ஆமா", சிலது "எனக்குக் கொடு", சிலது பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒத்திகை, சிலது தன்னையே வழிநடத்திக்கிறது.

சரி, பேச்சே வராத குழந்தைக்கு? 1985-ல் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் பெக்ஸ் என்ற பட முறையை உருவாக்கினாங்க. முதல் பாடத்துக்கு ரெண்டு பெரியவங்க வேணும். முன்னாடி இருக்கறவர் கையில் குழந்தைக்குப் பிடிச்ச பிஸ்கட். பின்னாடி இருக்கறவர் வாயே திறக்காம குழந்தையின் கையைப் பிடிச்சு, படத்தை எடுத்து நீட்ட உதவுவார். படம் கைக்கு வந்ததும் "பிஸ்கட்"னு சொல்லிக் கொடுத்துடணும். "என்ன வேணும்?"னு கேட்கவே கூடாது. ஏன்னா கேட்டாத்தான் பேசணும்னு குழந்தை பழகிடும். இங்கே உரையாடலை ஆரம்பிக்கிறது குழந்தை.

படம் கொடுத்தா பேச்சு வராம போயிடுமோன்னு பெற்றோர் பயப்படுவாங்க. 2006-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, இப்படி மாற்று வழி பழகிய, வளர்ச்சிக் குறைபாடுள்ள 27 பேரைப் பார்த்தது. ஒருத்தருக்கும் பேச்சு குறையலை. பெரும்பாலானவங்களுக்குக் கூடியிருந்தது.

அக்கா பையனுக்கு இப்போ புது பள்ளி. அங்கே டீச்சர் அவனை அடக்குறதில்லை. "தண்ணி வேணுமா கண்ணா?"ன்னு அவன் வந்தா, டம்ளரைக் கையில் கொடுத்து, அவன் சொல்ல வேண்டிய மாதிரியே, "எனக்குத் தண்ணி வேணும்"னு சொல்றாங்க. வீட்லயும் எல்லாரும் அப்படியே. நானும்தான்.

போன வாரம் வீடியோ காலில் வந்தான். "எனக்குத் தண்ணி வேணுமா கண்ணா?"ன்னான். "எனக்கு" வந்துடுச்சு மக்களே. அக்கா ஃபோனை வச்சுட்டு டம்ளரை எடுக்க ஓடிட்டா.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.