ரேஞ்ச் ரோவரும் டிரெய்லர் வயரிங்கும்: ஒரு வரலாறு

தனக்கென எஞ்சின் இல்லாமல், மற்றொரு வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் வண்டி டிரெய்லர் எனப்படுகிறது. குதிரைகளை ஏற்றிச் செல்லும் பெட்டி வண்டி, படகு வண்டி, கேரவன் எனப்படும் நடமாடும் வீடு ஆகியவை இதன் வகைகள். ஒரு கார் டிரெய்லரை இழுக்க இரண்டு இணைப்புகள் தேவை. ஒன்று, பாரத்தைத் தாங்கும் இரும்புக் கொக்கி. மற்றொன்று, டிரெய்லரின் விளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வயர். கொக்கி கழன்றால் ஓட்டுநர் உடனே உணர்ந்துவிடுவார். வயர் அறுந்தால் அவருக்குத் தெரியாமலே போகலாம். பின்னால் வருபவர்தான் அதன் விளைவைச் சந்திக்க நேரும். பிரிட்டனின் புகழ்பெற்ற சொகுசு வண்டியான ரேஞ்ச் ரோவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த இரண்டாவது இணைப்பு வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வயரிங் ஏன் தேவை?

கேரவன் பெரும்பாலும் காரைவிட அகலமாகவும் உயரமாகவும் இருக்கும். அது பின்னால் நின்றதும் காரின் பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகிய அனைத்தும் மறைந்துவிடும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தாலும் பின்னால் வருபவர் அதை அறிய வழியில்லை. எனவே காரின் ஒவ்வொரு சைகையும் டிரெய்லரின் பின்புறத்தில் அதே நொடியில் தோன்ற வேண்டும். மாட்டு வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்ட நம் முன்னோரும் அறிந்திருந்த தேவைதான் இது.

பின்னணி

பிரிட்டனில் உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவன், கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவருக்காக 1885இல் உருவான 'வாண்டரர்' எனக் கருதப்படுகிறது. அதைக் குதிரைகள் இழுத்தன. முதல் உலகப் போருக்குப் பின், 1919இல், எக்கிள்ஸ் நிறுவனம் காரால் இழுக்கப்படும் கேரவன்களைத் தயாரிக்கத் தொடங்கியது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. பண்ணை வேலைக்கான இந்த நான்கு சக்கர இயக்க வண்டிக்கு டிரெய்லர் இழுப்பது அன்றாட வேலையாக இருந்தது.

1970: ரேஞ்ச் ரோவர் வருகை

பண்ணை வண்டியின் வலிமையையும் காரின் வசதியையும் இணைக்கும் முயற்சியாக 1970 ஜூன் மாதம் ரேஞ்ச் ரோவர் வெளியானது. இழுவை வேலைக்கு ஏற்ற பல சிறப்புகள் அதில் இருந்தன. அதன் 3.5 லிட்டர் வி8 எஞ்சின், அமெரிக்காவின் பியூக் எஞ்சினிலிருந்து உருவானது. நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கின; நான்கிலும் டிஸ்க் பிரேக் இருந்தது. கொக்கியில் பாரம் ஏறினால் காரின் பின்புறம் தாழும்; முன்சக்கரங்களின் பிடிப்பு குறையும். இதைச் சரிசெய்ய, உயரத்தைத் தானே சமன்படுத்தும் கருவி ஒன்று பின் அச்சுக்கு மேல் பொருத்தப்பட்டிருந்தது. குதிரை வளர்ப்போரும் படகு வைத்திருப்போரும் இவ்வண்டியை விரும்பியதற்கு இவையெல்லாம் காரணம்.

ஏழு முனை சாக்கெட்

பிரிட்டனில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது '12என்' எனப்படும் ஏழு முனை சாக்கெட். 12 என்பது 12 வோல்ட்டையும், 'என்' என்பது 'நார்மல்' என்ற சொல்லையும் குறிக்கும். ஒவ்வொரு முனைக்கும் வயருக்கும் ஒரு நிறம் உண்டு. மஞ்சள் இடப்பக்க இண்டிகேட்டருக்கு, நீலம் பனிமூட்ட விளக்குக்கு, வெள்ளை எர்த்துக்கு, பச்சை வலப்பக்க இண்டிகேட்டருக்கு, பழுப்பு வலப்பக்கப் பின்விளக்குக்கு, சிவப்பு பிரேக் விளக்குக்கு, கறுப்பு இடப்பக்கப் பின்விளக்குக்கும் எண் பலகை விளக்குக்கும் உரியவை.

கேரவனுக்குள் குளிர்பதனப் பெட்டியும் பேட்டரியும் வந்தபின் இந்த ஏழு முனைகள் போதவில்லை. '12எஸ்' என்ற இரண்டாவது சாக்கெட் அருகில் பொருத்தப்பட்டது. பின்னர் இரண்டின் பணிகளையும் ஒன்றாக்கிய 13 முனை சாக்கெட் ஐரோப்பாவில் பரவியது. பிளக்கைத் திருகிப் பூட்டலாம் என்பதால், ஓடும் வண்டியில் அது எளிதில் கழன்றுவிடாது.

வயரில் ஒட்டுப்போட்ட காலம்

தொடக்கக் காலத்தில், காரின் பின்விளக்குக்குச் செல்லும் வயரிலிருந்தே கிளை எடுத்து டிரெய்லருக்கு மின்சாரம் தந்தனர். சோதனை விளக்கும் கொறடும் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை அது. ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது. ஓர் இண்டிகேட்டர் பல்பு 21 வாட் என்றால், 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் எடுக்கும். காரின் ஒரு பக்கத்தில் முன்னும் பின்னும் இரு பல்புகளுக்கு 3.5 ஆம்பியர். டிரெய்லரின் பல்பும் சேர்ந்தால் 5.25 ஆம்பியர். கூடுதல் மின்னோட்டத்தால், பழைய பிளாஷர் கருவியின் சிமிட்டும் வேகம் மாறியது. எனவே அதிகச் சுமை தாங்கும் பிளாஷரும், டிரெய்லரின் இண்டிகேட்டர் எரிகிறது என்று ஓட்டுநருக்குக் காட்டும் தனி விளக்கும் பொருத்தப்பட்டன.

அடுத்து வந்தது ரிலே முறை. காரின் விளக்கு வயரிலிருந்து சிறு சைகை மட்டும் எடுக்கப்பட்டது. டிரெய்லர் விளக்குகளுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராகச் சென்றது. இதனால் காரின் வயர்களுக்குச் சுமை ஏறவில்லை.

அமெரிக்காவில் வேறு முறை

ரேஞ்ச் ரோவர் 1987இல் அமெரிக்கச் சந்தையில் அதிகாரபூர்வமாக நுழைந்தது. அங்கு டிரெய்லர் முறையே வேறு. எளிய டிரெய்லர்களில் நான்கு வயர்களே இருக்கும். ஒரே சிவப்பு விளக்கு பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பயன்படும். இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பல்புகள் உள்ள காரை அதனுடன் நேராக இணைக்க முடியாது. சைகைகளை ஒன்றாக்கும் மாற்றி ஒன்று இடையில் வேண்டும். பிரேக்கும் அப்படியே. ஐரோப்பாவில், கார் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே அதன் பிரேக் இயங்கும். அமெரிக்காவில், பெரிய டிரெய்லர்களின் பிரேக்கைக் காரிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தால் இயக்கும்.

கணினியின் வருகை

1980களில் பாஷ் நிறுவனம் 'கேன்' என்ற தகவல் இணைப்பு முறையை உருவாக்கியது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வயர் என்பதற்குப் பதிலாக, காரின் கருவிகள் ஒரு சோடி வயர் வழியே செய்திகளைப் பரிமாறிக்கொள்ள இது உதவியது. ரேஞ்ச் ரோவரும் கணினிமயமானது. 1994இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டியில் விளக்குகளை ஒரு மையக் கணினி கட்டுப்படுத்தியது. 2001இன் இறுதியில் அறிமுகமான மூன்றாம் தலைமுறையில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் மின்னணு அமைப்புகள் இடம்பெற்றன.

இத்தகைய கார்களில் பழைய ஒட்டு முறை செல்லாது. கணினி ஒவ்வொரு விளக்கின் மின்னோட்டத்தையும் கண்காணிக்கிறது. கூடுதல் பல்பைக் கண்டால் பழுது என்று எச்சரிக்கும் அல்லது இணைப்பைத் துண்டிக்கும். பல்பைச் சோதிக்க அது அனுப்பும் சிறு மின்துடிப்புகளால் டிரெய்லரின் எல்.இ.டி. விளக்கு தேவையில்லாமல் மினுங்குவதும் உண்டு. எனவே காருக்கென வடிவமைத்த டிரெய்லர் மாட்யூலைப் பொருத்தி, அதைக் கணினியில் பதிவுசெய்ய வேண்டும்.

பதிவு செய்தபின், பின்னால் வண்டி இருப்பதைக் கார் அறிந்துகொள்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லரையே தடை என்று எண்ணிப் பின்புற சென்சார் அலறுவதில்லை. டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால், நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு தேவையான சக்கரங்களில் பிரேக் பிடித்து ஆட்டத்தை அடக்குகிறது. வீட்டில் செய்த வேலை பட்டறைக்குப் போனது, பாதுகாப்பு கூடியது.

இன்றைய நிலை

2012இல் வந்த நான்காம் தலைமுறை அலுமினிய உடலமைப்பால் எடை குறைந்தது. எனினும் அதன் இழுவைத் திறன் 3500 கிலோகிராம் வரை இருந்தது. பிற்பாடு, பொத்தானை அழுத்தினால் மறைவிலிருந்து வெளிவரும் கொக்கியும் கிடைத்தது. ஐரோப்பாவில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கொக்கி கழன்றால் டிரெய்லரின் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பியும் அதனுடன் வருகிறது.

இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் ஒரு பழக்கம் மாறவில்லை. புறப்படும் முன் ஒருவர் காரில் அமர்ந்து இண்டிகேட்டரையும் பிரேக்கையும் இயக்க, மற்றொருவர் டிரெய்லருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு விளக்காகப் பார்க்க வேண்டும். பல்புக்கு மின்சாரம் செல்கிறதா என்பதையே கணினி சொல்லும்; விளக்கின் மேல் சேறு படிந்திருப்பதை அது சொல்லாது. பின்னால் வருபவரின் உயிர் அந்த ஒரு நிமிடச் சோதனையைச் சார்ந்திருக்கிறது.