துளை: குறையா, குணமா?

உலோகவியலின் வரலாற்றை அடர்த்தியின் வரலாறாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். துளையற்ற, இறுகிய உலோகத்தை அடைவதே முன்னேற்றம் என்பது அதில் உள்ளுறைந்த எண்ணம். தூள் உலோகவியலின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

பிளாட்டினத்தின் உருகுநிலை 1,768 டிகிரி செல்சியஸ். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் வழக்கமான உலைகளுக்கு அது எட்டாத வெப்பம். லண்டனில் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் உருக்காமலேயே வழி கண்டார். கரைசலிலிருந்து பிரித்த பிளாட்டினத்தைப் பஞ்சு போன்ற தூளாக்கி, மரக்கலுவத்தில் மரக்குழவியால் அரைத்தார். வன்மையான கருவி பட்டால் துகள்கள் மெருகேறி, பின்னர் ஒன்றோடொன்று ஒட்டா. ஈரத்தோடு அழுத்தி, உலர்த்தி, சூடேற்றிச் சம்மட்டியால் அடித்தார். எஞ்சிய துளைகளை ஒழிப்பதே அவர் நோக்கம். பல்லாண்டு மறைவாக வைத்திருந்த இம்முறையை 1828 நவம்பரில் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். அடுத்த மாதமே மறைந்தார்.

அவர் ஒழிக்க முயன்ற துளையை 20ஆம் நூற்றாண்டு வேண்டிப் பெற்றது. 1920-களில் அமெரிக்காவில் செம்பு, வெள்ளீயத் தூள்களை அழுத்திச் சூடேற்றிப் பேரிங்குகள் செய்தனர். அவற்றின் துளைகளில் எண்ணெய் நிறைக்கப்பட்டது. தண்டு சுழன்று சூடேறும்போது எண்ணெய் வெளிவரும். நின்று குளிர்ந்தால் நுண்துளைகள் அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும்.

1960-களில் உருவான ஜே-2 ராக்கெட் எஞ்சினில் இதன் உச்சத்தைக் காணலாம். சாட்டர்ன் 5 ராக்கெட்டின் மேலடுக்குகளை இயக்கியது அதுவே. எரிகலனுள் வெப்பம் ஏறத்தாழ 3,000 டிகிரி. அதன் தலைப்பகுதியை மூடிய தகடோ, அதில் பாதி வெப்பத்திலேயே உருகிவிடும் துருவேறா எஃகு! கம்பிவலைகளைப் பல அடுக்காக வைத்து, வொல்லஸ்டனைப் போலவே, உருக்காமல் சூட்டால் பிணைத்த தகடு அது. அதன் துளைகள் வழியே கசியும் குளிர்ந்த ஹைட்ரஜன் வெப்பத்தை ஏந்திச் சென்று தகட்டைக் காத்தது.

துளை மிகுந்தால் உலோகம் வலுவிழக்கும். குறைந்தால் வாயு கசியாது. ஆகவே பிணைப்பை எங்கே நிறுத்துவது என்பதே இங்குக் கைவந்த கலை. அடர்த்தியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் வரலாறு இக்கலையைக் காணத் தவறுகிறது. பழைய ஆய்வேடுகளில் ‘குறை’ என்று குறிக்கப்பட்டதை வாசிக்கும்போது, அது எந்தப் பயன்பாட்டுக்குக் குறை என்ற கேள்வியையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும்.