பெருமாள் கட்டும் கைலி

போன மாசம் ஆபீஸ் வீடியோ கால்ல எடின்பரோ டீம்காரர் ஒருத்தர் கில்ட் கட்டிண்டு வந்தார். அந்தக் கட்டம் போட்ட துணிக்குப் பேர் டார்ட்டன். "இது எங்கம்மா வழிக் குலத்தோட கட்டம்"னு பெருமையா சொன்னார்.

நான் தேடிப் படிச்சேன். குலத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வேலை. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது டார்ட்டன் மோகம் ஏறியது. 1842இல் இரண்டு சகோதரர்கள் 'பழைய சுவடி' என்று ஒரு டார்ட்டன் புத்தகமே போட்டார்கள். அது போலி. ஆனா அதிலிருந்த கட்டங்களை இன்னிக்கும் கட்டிக்கிறாங்க!

சிரிக்கிறதுக்கு முன்னாடி நம்ம ஸ்ரீரங்கத்துக்கு வாங்க.

1323இல் டெல்லிப் படை வந்தபோது உற்சவரைப் பிள்ளை லோகாசாரியர் தெற்கே எடுத்துண்டு போனார். பல ஊர் சுற்றி, 1371இல் விஜயநகரத் தளபதி கோபணார்யர்தான் மறுபடி இங்கே எழுந்தருளச் செய்தார். கோயிலில் கல்வெட்டு இருக்கு. அதுக்குள்ளே இங்கே வேறொரு உற்சவர் வந்தாச்சு. எது பழையவர்? கண் தெரியாத ஒரு வயசான வண்ணார், பெருமாள் உடுத்திய துணியை நனைத்த தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து, "இவரே நம்பெருமாள்" என்றாராம். அந்தப் பேர்தான் நிலைச்சது. அடையாளம் சொன்னது துணி, கவனிங்க.

துணி வரும் இன்னொரு கதை துலுக்க நாச்சியாருடையது. டெல்லிக்குப் போன பெருமாள் மேல் சுல்தான் மகள் உயிரையே வைத்தாள். விக்ரகத்தை மீட்டபோது பின்னாலேயே வந்தாள், இங்கேயே உயிரை விட்டாள். கோயிலொழுகு சொல்லும் கதை இது. மேல்கோட்டையிலும் இதே மாதிரி ஒன்று உண்டு, ஆனா அதில் ராமானுஜர் வருகிறார். அவர் காலத்தில் டெல்லியில் சுல்தானே கிடையாது! அதனால இளவரசியை நான் வரலாறுன்னு சொல்ல மாட்டேன்.

வழக்கம் மட்டும் நிஜம். அர்ஜுன மண்டபத்தில் அவளுக்குச் சிலை இல்லை, ஓவியம்தான். நைவேத்தியம் ரொட்டியும் வெண்ணெயும். திருமஞ்சன நேரத்தில் நம்பெருமாள் கைலி உடுத்திக்கொள்கிறார். பிறந்த குலத்து உடை இல்லை அது, உறவு வழியா வந்த உடை.

எனக்கு இதில் சொந்தச் சண்டை ஒண்ணு இருக்கு. எங்காத்தில் கைலிக்குத் தடை. "அது நம்மாத்து டிரெஸ் இல்லடா" என்பாள் பாட்டி. இத்தனையும் படிச்சுட்டுப் போய், "பெருமாளே கட்டிக்கிறாரே பாட்டி?"ன்னேன்.

பாட்டி வெத்தலைக் காம்பைக் கிள்ளிண்டே சொன்னாள்: "அவருக்கு அங்கே சம்பந்தம் ஆயிருக்கு. கட்டிக்கிறார். உனக்கு எங்கே ஆச்சு?"