நான்கு முறை தோற்ற பாரிஸ்டர்

1950ஆம் ஆண்டு பிரித்தானியப் பொதுத்தேர்தலில், லண்டனின் தென்பகுதியான ஸ்ட்ரெத்தம் தொகுதியில் தொழிற்கட்சியின் சார்பில் இளம் பாரிஸ்டர் ஒருவர் நின்று தோற்றார். வென்றவர் சர்ச்சிலின் மருமகனாகிய டங்கன் சாண்டிஸ். 1963இல் மலேசிய ஒப்பந்தத்தில் பிரித்தானியாவுக்காகக் கையொப்பமிட்டோருள் ஒருவரான இச்சாண்டிஸை நம்மவருட் பலர் அறிவர். தோற்றவர் பெயர் பீட்டர் பெனன்சன். அவர் பெயரை அறிந்தோர் சிலரே. அவர் தோற்றுவித்த இயக்கத்தையோ உலகமே அறியும்.

1921 ஜூலை 31இல் லண்டனில் பிறந்தவர் பெனன்சன். தந்தையார் ஹெரால்டு சாலமன் யூதகுலத்து இராணுவ அதிகாரி. தாயார் புளோரா ரஷ்ய நாட்டினர். இளமையிலேயே தந்தையை இழந்த பெனன்சன், பின்னர்த் தாய்வழிப் பாட்டனாரின் குடும்பப் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். ஈட்டன் பள்ளியில் படிக்கும்போதே ஸ்பானிய உள்நாட்டுப் போரில் அநாதைகளான குழந்தைகளுக்கு உதவி திரட்டினார். ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்ற பின் இரண்டாம் உலகப் போர் அவரைப் படைக்கு அழைத்தது. துப்பாக்கி ஏந்தும் வேலையன்று. பிளெச்சிலி பார்க்கில் ஜெர்மானியரின் இரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணி.

போர் முடிந்ததும் வழக்கறிஞரானார். 1951, 1955, 1959 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஹிச்சின் தொகுதியில் நின்றார், மூன்றிலும் தோல்வியே. அதே தொகுதியை 1964இல் ஷெர்லி வில்லியம்ஸ் அம்மையார் அதே கட்சிக்கு வென்று கொடுத்தார் என்பதைக் காணும்போது, காலம் ஒருவருக்கு மூடிய கதவை மற்றொருவருக்குத் திறப்பது விந்தையே.

இதற்கிடையில், பிராங்கோ ஆட்சியின்கீழ் ஸ்பெயினில் தொழிற்சங்கத்தினர்மீது நடந்த வழக்குகளைப் பார்வையிடப் பிரித்தானியத் தொழிற்சங்கங்கள் அவரை அனுப்பின. நீதிமன்றம் என்ற பெயரில் நடந்ததை அங்கே நேரிற் கண்டார். 1957இல் மூன்று கட்சி வழக்கறிஞர்களையும் ஒன்றுகூட்டி 'ஜஸ்டிஸ்' என்னும் அமைப்பை நிறுவுவதில் முன்னின்றார்.

போர்ச்சுகலில் சுதந்திரத்திற்கு வாழ்த்துக் கூறி மதுக்கிண்ணம் உயர்த்திய இரு மாணவர் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற செய்தியை 1960இல் ரயிலிற் படித்ததே தம்மைத் தூண்டியது என்று அவர் கூறி வந்தார். ஆய்வாளர் பழைய பத்திரிகைகளைப் புரட்டியும் அவர் கூறிய வடிவில் அச்செய்தி அகப்படவில்லை. ஆசிரியர்கள் இக்கதையை வகுப்பிற் சொல்லும்போது இதனையும் சேர்த்துச் சொல்வது நன்று. கதை எவ்வாறாயினும் 1961 மே 28ஆம் நாள் 'அப்சர்வர்' இதழில் அவர் எழுதிய 'மறக்கப்பட்ட கைதிகள்' என்ற கட்டுரை மெய். கொள்கைக்காகச் சிறைப்பட்டோர், துன்புறுத்தப்பட்டோர் அறுவரை அது முன்னிறுத்தியது. ஹங்கேரியில் கம்யூனிஸ்டுகளால் ஒடுக்கப்பட்ட கார்டினல் மிண்ட்சென்டியும், கிரேக்கச் சிறையிலிருந்த கம்யூனிஸ்டுத் தொழிற்சங்கவாதி அம்பத்தியெலோசும் அதில் அருகருகே நின்றனர். அங்கோலாவின் கவிஞரும் மருத்துவருமான அகோஸ்தின்யோ நெட்டோவும் அவ்வறுவருள் ஒருவர்.

ஓராண்டு இயக்கமாகத் தொடங்கியதே 'அம்னெஸ்டி இண்டர்நேஷனல்' ஆயிற்று. அதன் வேலைமுறை எளியது. ஒவ்வொரு குழுவும் மூன்று கைதிகளுக்காகக் கடிதம் எழுதும்: ஒருவர் மேற்கு நாட்டவர், ஒருவர் கம்யூனிஸ்டு நாட்டவர், ஒருவர் இரு அணியிலும் சேராத நாட்டவர். எப்பக்கத்து அரசும் 'இவர்கள் எதிரியின் ஆட்கள்' என்று எளிதில் தள்ளிவிட முடியாதபடி அமைந்தது இவ்வேற்பாடு. ஹிச்சினில் வென்று, கட்சிக் கொறடாவின் சொற்படி கை தூக்கும் உறுப்பினராகியிருந்தால் இது அவரால் இயன்றிராது என்பதே என் கருத்து.

அவருடைய வீழ்ச்சியும் இதையே காட்டுகிறது. 1964இல் அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்தது, அமைச்சர்கள் நண்பர்களாயினர். ரொடீசியக் கைதிகளின் குடும்பங்களுக்கென அரசாங்கப் பணம் இரகசியமாக அவர் வழியே சென்றது பின்னர் வெளிப்பட்டது. அதே வேளையில், ஏடனில் பிரித்தானியர் நடத்திய சித்திரவதை பற்றிய அறிக்கையை ஒட்டி, இயக்கத்திற்குள் அரசாங்க ஒற்றர் புகுந்துவிட்டனர் என்று சக ஊழியர்மீது ஐயுற்றார். 1967இல் தாம் பெற்ற இயக்கத்தைவிட்டே விலகினார். அவ்வியக்கம் 1977இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றபோது அதன் தலைமையில் அவர் இல்லை.

பிணக்குத் தீர்ந்து, பிற்காலத்தில் மீண்டும் இயக்கத்தோடு உறவு கொண்டார். அரசாங்கம் 'சர்' பட்டம் வழங்க முன்வந்தபோதெல்லாம் மறுத்து, அவ்வரசாங்கத்தின் மனித உரிமைக் குறைகளையே பட்டியலிட்டு விடை எழுதினார் என்பர். 2005 பிப்ரவரி 25இல் ஆக்ஸ்போர்டில் தம் 83ஆம் வயதில் காலமானார்.